குழந்தைக்கு எப்படி ஊட்டுவது என்று உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

பெரம்பூர், பதினொரு மாதக் குழந்தையின் தாய்:

ஏழாம் மாதத்தில் என் மகளின் எடை 7.1 கிலோ, பத்தாம் மாதத்தில் 7.2 கிலோ. மூன்று மாதங்களில் நூறு கிராம்தான் கூடியிருக்கிறது என்பதை, அவளுடைய அட்டையை ஒருநாள் இரவு புரட்டிக்கொண்டிருந்தபோது நானாகத்தான் கவனித்தேன். குழந்தை நன்றாகத் தவழ்ந்தாள், சிரித்தாள். நானும் வேளை தவறாமல் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே குறை எங்கே என்று எனக்கு விளங்கவில்லை. பயந்துபோய் ஒரு தனியார் மருத்துவமனையில் எண்ணூறு ரூபாய் கட்டி உணவு ஆலோசகரைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்துப் பத்து நிமிடங்களில் அனுப்பிவிட்டார்கள். அதில் ஓட்ஸும் அவகாடோவும் இருந்தன. எங்கள் வீட்டில் அன்றாடம் வேகும் சோறும் பருப்பும் இல்லை. நேற்று குழந்தை என்ன சாப்பிட்டாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர், குழந்தைக்குச் சளி என்று அடுத்த வாரம் நான் போயிருந்த மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர். "நேத்து காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து ராத்திரி தூங்கற வரைக்கும் பாப்பா என்னென்ன சாப்பிட்டுச்சு, ஒண்ணு விடாம சொல்லும்மா" என்றார். பாலில் நனைத்த பிஸ்கட், சர்க்கரை தொட்ட இட்லி பாதி, மதியம் பருப்புத் தண்ணீர் ஊற்றிக் கரைத்த சோறு, இரவு ரசம் சோறு என்று சொன்னேன். எந்தக் கிண்ணத்தில், எவ்வளவு என்று கேட்டார். என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மறுநாள் ஊட்டும் சோற்றை அப்படியே ஒரு டப்பாவில் எடுத்து வரச் சொன்னார்.

மறுநாள் அந்தச் சோற்றில் ஒரு கரண்டி எடுத்து லேசாகச் சாய்த்தார். அது கஞ்சியைப் போல வழிந்து டப்பாவுக்குள் விழுந்தது. கரண்டியைச் சாய்த்தால் உணவு அதிலேயே தங்கி நிற்க வேண்டும் என்றும், இந்த வயதில் குழந்தையின் வயிறு மிகச் சிறியது என்பதால் அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் உணவுக்கு இடம் இருக்காது என்றும் சொன்னார். பருப்பின் சத்து பருப்பில்தான் இருக்கிறது, மேலே தெளிந்த தண்ணீரில் மிகக் குறைவு என்பது என் முப்பத்தோராவது வயதில் எனக்குத் தெரியவந்தது. பருப்பைக் கையால் மசித்து, ஒரு சிறு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு, கெட்டியாகப் பிசைந்து ஊட்டச் சொன்னார். கஞ்சி கொடுப்பதானால் முளைகட்டிய கேழ்வரகு மாவு சிறந்தது என்றார். முளைகட்டும்போது உண்டாகும் நொதி கஞ்சியை இளக்கிவிடுவதால், அதிக மாவு போட்டாலும் குழந்தை விழுங்கக்கூடிய பதம் கிடைக்குமாம். இத்தனைக்கும் எனக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை, கடையில் புதிதாக எதையும் வாங்கவும் இல்லை.

ஊட்டச்சத்துக் கல்வியை எல்லாப் பெற்றோருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இந்த அனுபவம்தான். நான் பட்டம் படித்தவள். வீட்டில் உணவுக்குப் பஞ்சமும் இல்லை. அப்படியிருந்தும் சளி பிடித்ததால்தான், தற்செயலாகத்தான், அந்தக் கரண்டி என் கண்ணில் பட்டது. ஒரு குழந்தையின் வளர்ச்சியைத் தற்செயலுக்கு விட்டுவிடலாமா? உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள், எப்போது சொல்லித் தந்தார்கள் என்பதை எழுதுங்கள்.

காசிமேடு, ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்:

மகளே, நீங்கள் கேட்பது புதிதாகத் தொடங்க வேண்டிய திட்டம் அன்று. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே அதன் ஆறு சேவைகளில் ஒன்றாக ஊட்டச்சத்து மற்றும் சுகாதாரக் கல்வி இடம் பெற்றிருந்தது. 1980இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அதில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு கொடுத்து, அதே சமயத்தில் தாய்க்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அட்டையில் மாதாமாதம் எடையைக் குறிக்கும் கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டது என்பதைத் தாயே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி. நான் பணியில் சேர்ந்தபோது மூத்தவர்கள் எங்களுக்கு முதலில் கற்பித்ததும் அந்தக் கோட்டைத்தான்.

பிறகு என்ன நடந்தது என்றால், ஆறு சேவைகளில் கண்ணுக்குத் தெரிபவை நிலைத்தன. முட்டை கொடுத்தால் கணக்குக் காட்டலாம், சத்துமாவுப் பாக்கெட் கொடுத்தால் கையெழுத்து வாங்கலாம். ஒரு தாயுடன் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியதற்கு என்ன கணக்கு இருக்கிறது? பதிவேடுகளையும் கைப்பேசிப் பதிவுகளையும் முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். பேச்சு, வாசலில் நின்று பாக்கெட்டை நீட்டும்போது சொல்லும் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது.

ஒரு தாயை மட்டும் சொல்கிறேன். மீன் விற்பவர், விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். நான்கு வயது மகனுக்குக் காலையில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுக்கச் சொல்லிப் பத்து ரூபாயைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போவார். பையனுக்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளவிடாமல் டீ தடுக்கிறது என்று நான் சொன்னபோது அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு மட்டும் ஆசையாக்கா? அடுப்பு பத்தவெக்க எனக்கு நேரம் எங்க இருக்கு?" என்றார். அவர் கேட்டது நியாயம். நேரம் இல்லாதவரிடம் அறிவுரையை மட்டும் நீட்டுவது கல்வி ஆகாது. 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம்கூட முதல் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் அந்தப் பையனைத் தொடும்.

அதனால் நான் பாடத்தை மாற்றினேன். அவர் வீட்டில் வாங்கி வைத்து வண்டு விழுந்துகொண்டிருந்த சத்துமாவை இரவு சோறு வடிக்கும் அதே அடுப்பில் லேசாக வறுத்து, வேர்க்கடலைப் பொடியும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து உருண்டை பிடிக்க, அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சேர்ந்தே செய்து பார்த்தோம். விலை போகாமல் மிஞ்சும் நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியம் கிடைக்கும் என்பதும், முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் ஏறும் என்பதும் அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக வந்தன. நெத்திலியின் அருமை அவருக்கு அதுவரை தெரியாது. நல்ல மீனையெல்லாம் விற்றுவிட்டு மிஞ்சியதைத் தின்கிறோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். கல்வி என்றால் அந்த வெட்கத்தைப் போக்குவதும்தான்.

மயிலாப்பூர், இரண்டு பேரக்குழந்தைகளின் பாட்டி:

தாய்மார்களுக்கு மட்டும் சொல்லித் தந்தால் போதாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் குழந்தை பிறந்ததும் பெரியவர் ஒருவர் தேனைத் தொட்டுச் சேனை வைப்பது வழக்கம். வைத்தவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். என் இரு மகன்களுக்கும் என் மாமியார் வைத்தார். பேரன் பிறந்தபோது நானும் தேன் புட்டியோடு பிரசவ அறை வாசலில் நின்றேன். மருமகள் எனக்கு எதிராகப் பேசத் தயங்கினாள். அவள் முகத்திலேயே அது தெரிந்தது. அங்கிருந்த இளம் செவிலியர் என்னைத் தனியாக அழைத்துப் போய் உட்காரவைத்து, "அம்மா, ஒரு வயது முடியும் வரை தேன் வேண்டாம். சில சமயம் அதில் இருக்கும் கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகிவிடும். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்" என்று பொறுமையாகச் சொன்னார். மாமியார் என்று என்னைக் கண்டிக்காமல், பேரனை என்னோடு சேர்ந்து காப்பாற்ற வந்தவரைப் போலப் பேசினார்.

அன்று அவர் என் மருமகளிடம் மட்டும் சொல்லியிருந்தால், வீட்டுக்கு வந்ததும் நான் தேனைத் தொட்டு வைத்திருப்பேன். அவளும் தடுத்திருக்க மாட்டாள். வகுப்பு வைப்பவர்கள் பாட்டிகளைப் பெயர் சொல்லி அழையுங்கள். நாங்கள் வருவோம்.

பெருங்குடி, ஆறு வயது மகனின் தந்தை:

நான் மென்பொருள் நிறுவனத்தில் இரவுப் பணி செய்கிறேன்; மனைவி பகல் பணிக்குப் போவதால் காலையில் மகனைக் கிளப்புவது என் பொறுப்பு. மூன்று ஆண்டுகளாக அவனுக்குப் பாலில் ஒரு ஊட்டச்சத்துப் பானத்தைக் கலந்து கொடுத்தேன், உயரமாக வளர்வான் என்ற விளம்பரத்தை நம்பி. 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய வணிக அமைச்சகம் அறிவுறுத்திய செய்தியைப் படித்தேன். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லையாம். உடனே அடுக்களைக்குப் போய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். நூறு கிராமில் முப்பத்தைந்து கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு இரு வேளையும் சேர்த்து நாற்பது கிராம் மாவு போடுவேன். ஆக, அதிலேயே பதினான்கு கிராம் சர்க்கரை, அதற்கு மேல் வேளைக்கு ஒரு கரண்டி நான் வேறு போட்டுக்கொண்டிருந்தேன். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் வரும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இதில் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. மகனின் பள்ளியில் உணவு பற்றி ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. அழைப்பில் 'அம்மாக்களுக்கு' என்று இருந்ததால் மனைவி விடுப்புக் கிடைக்காமல் போகவில்லை, வீட்டில் இருந்த நான் அழைக்கப்படவில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம், செப்டம்பர் ஊட்டச்சத்து மாதம் என்கிறார்கள். இரண்டிலும் ஒரு தந்தையைக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. விளம்பரம் மட்டும் இரவு பகல் பாராமல், காசும் கேட்காமல் என் கைப்பேசிக்கே வந்து பாடம் நடத்துகிறது. அதற்கு எதிராக நிற்கக்கூடிய பாடமும் காசில்லாமல், என் நேரத்துக்கு வர வேண்டும் அல்லவா? காசிமேட்டு அம்மா, பணிக்குப் போகிறவர்களை நீங்கள் எப்படிச் சேர்த்தீர்கள்?

காசிமேடு, ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்:

தம்பி, மையத்துக்கு வரச் சொல்வதை நிறுத்தினேன்; அவ்வளவுதான். மாதத்தில் ஒரு நாள், மாலை ஏழு மணிக்கு, தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் எடைத் தராசைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கே போய்விடுவேன். குடம் நிறையும் வரை எல்லோரும் நின்றுதானே ஆக வேண்டும்? வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் முதலில் தள்ளி நின்று பார்த்தார்கள். தராசுக் கொக்கியில் தொட்டிலை மாட்டித் தூக்கிப் பிடிக்க எனக்குக் கை வலிக்கிறது என்று ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் தன் பிள்ளையின் எடையைத் தன் வாயாலேயே படித்தார். போன மாதம் எவ்வளவு என்று கேட்டார். அட்டையைக் கையில் கொடுத்தேன்.