மாம்பழம் தண்ணீரில் மிதந்தால் கல் வைத்ததா?

வேளச்சேரிவாசி:
பங்குனி முடியறதுக்குள்ளயே கடையில பளபளன்னு மஞ்சள் மாம்பழம் வந்துடுது. வாளித் தண்ணியில போட்டா கார்பைடு கல் வச்சுப் பழுக்க வச்சது மிதக்கும், மரத்துல பழுத்தது மூழ்கும்னு வாட்ஸ்அப்ல சுத்துது. நம்பலாமா? எதைப் பார்த்து வாங்கறது?

தோப்புக்காரன்:
மிதக்கறதுக்கும் கல்லுக்கும் சம்பந்தமே இல்லைங்க. முற்றாத காய் மிதக்கும். மாவுச்சத்து ஏறி முற்றினது மூழ்கும். முற்றின காய்க்குக் கல் வச்சாலும் அது மூழ்கத்தான் செய்யும். அந்தச் சோதனை முதிர்ச்சியை மட்டும்தான் காட்டும்.

காம்புப் பக்கம் பாருங்க. தோள் ரெண்டும் மேலே எழும்பி, காம்பு சின்னக் குழிக்குள்ள உட்கார்ந்திருந்தா முற்றினது. தோள் சரிஞ்சு காம்பை நோக்கிக் கூம்பியிருந்தா அவசரத்துல பறிச்சது. அதை எப்படிப் பழுக்க வச்சாலும் தோல்தான் மஞ்சளாகும், உள்ளே புளிக்கும்.

முதல் வரத்துக்கு நல்ல விலை கிடைக்குது, அதான் முன்கூட்டியே பறிக்கறாங்க. செந்தூரம், பங்கனப்பள்ளி சித்திரையில. இமாம் பசந்த் வைகாசியில. நீலம் ஆனி, ஆடியில. இந்த வரிசையில வாங்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மண்டிக்கணக்கு:
கார்பைடு கல்லுக்கு 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள்லயே தடை. ஈரம் பட்டா அசிட்டிலீன் வாயு வரும், கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். எத்திலீன் அப்படியில்ல, பழமே விடற வாயு அது. மூடின அறையில பழுக்க வைக்க 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல 100 பங்கு) வரைக்கும் அனுமதி உண்டு. ஆனா எத்திலீன் பொட்டலத்தைப் பழத்து மேல படற மாதிரி கூடையில போடறதும், எத்தரல்ங்கற, எத்திலீனை விடற மருந்துக் கரைசல்ல பழத்தை முக்கறதும் தப்பு.

வேளச்சேரிவாசி:
அப்போ காயா வாங்கி வீட்டுல பழுக்க வைக்கலாமா? தோல்ல புள்ளி இருந்தா தள்ளிடணுமா?

தோப்புக்காரன்:
தாராளமா வைக்கலாம். ஒட்டின பாலை முதல்ல கழுவிடுங்க, இல்லேன்னா தோல் கருகும். ஈரம் துடைச்சு, காம்பு கீழே இருக்கற மாதிரி ஒரே அடுக்கா வைக்கோல்லயோ காகிதப் பையிலயோ வைங்க. பக்கத்துல ஒரு பழுத்த வாழைப்பழம். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்து அழுகும். தினம் ஒரு தடவை பார்த்து, மெத்துன்னு ஆனதை எடுத்துடுங்க. நாலஞ்சு நாள் ஆகும். காயை ஃப்ரிட்ஜ்ல வச்சுடாதீங்க. 13 டிகிரிக்குக் கீழே போனா தோல் சாம்பல் நிறமாகி, வெளியே எடுத்த பிறகும் சரியாப் பழுக்காது.

தோல்ல லேசான தேமல், சொறி இருந்தா தாராளமா வாங்குங்க. மாசு மருவில்லாத பழம்தான் வேணும்னு எல்லாரும் பொறுக்கறதால பூக்கற காலத்துலேருந்து மருந்து மேல மருந்து அடிக்கறாங்க. ஆனா அழுத்தினா பள்ளம் விழற கரும்புள்ளி, ஊசி குத்தின மாதிரி துளை, இதெல்லாம் வேண்டாம். துளை இருந்தா பழ ஈ முட்டை வச்சிருக்கும், நறுக்கினா உள்ளே புழு. இந்த ஈக்கு மருந்தைவிட மீத்தைல் யூஜினால்ங்கற வாசனைப் பொருள் வச்ச பொறி மேல், ஆண் ஈ எல்லாம் வந்து மாட்டும். தோப்புல நேரா வாங்கினா, மரத்துல பொறி தொங்குதான்னு ஒரு பார்வை பாருங்க.