முதல்முறை ஓவர்கிளாக்: முழுச்சுமையில் தாங்குகிறது, சும்மா இருக்கும்போது மறுதொடக்கம் ஆகிறது

புதுக்கணக்கு எழுதியது:

வணக்கம். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பொருத்திய முதல் கணினி இது. ரைசன் 5 5600எக்ஸ் செயலி, பி550 மதர்போர்டு, ஒரே விசிறி கொண்ட உயரமான ஏர் கூலர். ஓவர்கிளாக் செய்ய, அதாவது செயலியைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, இரண்டு வழிகளில் முயன்றேன். முதலில், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எல்லாக் கோர்களையும் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் அலகுகள்) 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் என்று நிலையாக வைத்தேன். சினிபெஞ்ச் என்ற சோதனை நிரல் ஓடத் தொடங்கிய இரண்டாம் நிமிடத்திலேயே வெப்பம் 88 டிகிரியைத் தொட்டதால், பயந்து பழைய நிலைக்கே திரும்பிவிட்டேன். பிறகு, செயலி தன் வழக்கமான மின்வரம்பைத் தாண்டி வேகமெடுக்க விடும் பி.பி.ஓ.வை இயக்கி, அதன் பகுதியான கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 30 கொடுத்தேன். வெப்பம் 72 டிகிரியைத் தாண்டவில்லை, மதிப்பெண்ணும் கூடியது. ஆனால் அரை மணி நேரம் முழுச்சுமையைத் தாங்கும் அதே கணினி, நான் இணையத்தில் எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போது எந்த அறிவிப்பும் இல்லாமல் தானே மறுதொடக்கம் ஆகிறது. நேற்று மட்டும் மூன்று முறை.

இன்னொரு குழப்பமும் உண்டு. எந்த மாற்றமும் செய்யாத நிலையிலேயே எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற கண்காணிப்பு நிரல் 1.45 வோல்ட் வரை காட்டுகிறது. அப்படியிருக்க, 1.3 வோல்ட்டைத் தாண்டாதே என்று பலரும் எச்சரிப்பது ஏன்?

வெப்பமானி எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்றது எளிது.

செயலி தானாக 1.45 வோல்ட் எடுப்பது, ஓரிரு கோர்கள் மட்டும் சிறிய வேலைக்காகச் சில கணங்கள் உச்ச வேகத்துக்குப் போகும்போதுதான். அப்போது மின்னழுத்தம் அதிகமாக இருந்தாலும் மின்னோட்டம் குறைவு. எல்லாக் கோர்களிலும் கடும் சுமை ஏறியவுடன் செயலியே மின்னழுத்தத்தைக் கீழே இறக்கிவிடும். நீங்கள் கையால் ஒரு நிலையான எண்ணைக் கொடுக்கும்போது இந்த ஏற்ற இறக்கத்தையே முடக்கிவிடுகிறீர்கள். அதன்பின் ஆறு கோர்களும் முழு மின்னோட்டத்தை இழுக்கும் நேரத்திலும் அதே மின்னழுத்தம் தொடரும். செயலிக்குள் இருக்கும் மெல்லிய உலோக இணைப்புகளைக் காலப்போக்கில் அரிப்பது மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் நிலைதான். ஆகவே 1.3 வோல்ட் என்று சொல்பவர்கள் முழுச்சுமையில் நிலையாக இருக்கும் மின்னழுத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் பார்த்தது ஒரு கணநேர உச்சம். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

88 டிகிரிக்கான காரணமும் இதுவே. செயலியின் மின்செலவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 4.4 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட் போதுமாக இருந்த செயலியை 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்கு ஏற்றினால், வேகம் 5 விழுக்காடுகூடக் கூடாது, மின்செலவோ ஏறத்தாழ 32 விழுக்காடு கூடும். இந்தச் செயலிக்குக் குறிக்கப்பட்ட வெப்ப உச்சவரம்பு 95 டிகிரி என்பதால் 88 உடனடி ஆபத்தல்ல. ஆனால் பெற்ற பயனுக்குக் கொடுத்த விலை அதிகம். மேலும் 5600எக்ஸின் ஒற்றைக் கோர் தானாகவே 4.6 வரை போகக்கூடியது. எனவே எல்லாவற்றையும் 4.6இல் பூட்டியதால், ஒரு கோரை மட்டுமே நம்பியிருக்கும் வேலைகளில் உங்களுக்கு எதுவும் கூடவில்லை. அந்த வழியை நீங்கள் கைவிட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கோர்க்காவலர் எழுதியது:

மறுதொடக்கத்தின் காரணம் அந்த மைனஸ் 30. கர்வ் ஆப்டிமைசர் வேகத்தைக் கூட்டும் கருவி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒவ்வொரு வேகத்துக்கும் செயலி கேட்கும் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. ஒரு படி என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். முழுச்சுமையில் கோர்கள் சற்றுக் குறைந்த வேகத்தில் ஓடுவதால் இந்தக் குறைப்பைத் தாங்கிக்கொள்கின்றன. இணையப் பக்கம் திறப்பது போன்ற இலேசான வேலையில்தான் ஏதாவது ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. அங்கே மின்னழுத்தம் போதாமல் விழுகிறது. சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடியது இந்தக் குறையைக் கண்டுபிடிக்க உதவாததற்குக் காரணம் இதுதான்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில், ஹியா-லாகர் (WHEA-Logger, வன்பொருள் பிழைப் பதிவு) என்ற பெயரில் 18ஆம் எண் பிழை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் பிழை எங்கே நடந்தது என்று காட்டும் ஏபிக் ஐடி (APIC ID) என்ற ஓர் எண் இருக்கும். உங்கள் செயலியில் ஒரு கோருக்கு இரண்டு எண்கள் என்பதால், அதை இரண்டால் வகுத்து மீதியை விட்டுவிட்டால், பூஜ்யத்திலிருந்து எண்ணும் முறையில் குற்றவாளிக் கோர் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது உங்கள் செயலியின் மிகச் சிறந்த கோராகவே இருக்கும். நன்றாகச் செயல்படும் கோரைத் தொழிற்சாலையிலேயே எல்லைக்கு அருகில் நிறுத்திவிடுவதால் அதற்கு மேலும் குறைக்க இடம் இருப்பதில்லை.

எல்லாக் கோர்களையும் மைனஸ் 10க்குக் கொண்டுவந்து, கோர்சைக்கிளர் என்ற சோதனை நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். அது பிரைம்95 என்ற கடும் கணக்குச் சோதனையை ஒரு நேரத்தில் ஒரே கோரில் ஓட்டுவதால், உங்கள் கணினி விழும் அதே உச்ச வேகத்தில் சோதிக்கிறது. பிழையில்லாத கோர்களை மட்டும் ஐந்தைந்து படிகளாக இறக்குங்கள். பி.பி.ஓ. மின்வரம்புகளையும் கூடுதல் வேக அமைப்பையும் இப்போதைக்குத் தொடவே வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

பழையபலகை எழுதியது:

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. விட்டுப்போன ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சோதனை தொடங்கும் முன், நினைவகத்தை அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை அணைத்துவிடுங்கள். அதுவும் ஓவர்கிளாக்தான், அதில் வரும் பிழையைச் செயலியின் தலையில் போட்டு வாரக்கணக்கில் அலைந்தவன் நான். அதைவிட முக்கியம், கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வைப்பது. மறுதொடக்கம் ஆகும் கணினியாவது தன் குறையைச் சொல்லிவிடுகிறது. விழாமல் தவறாகக் கணக்கிடும் கணினி, கெட்ட கோப்பை நல்ல கோப்பின் மேலேயே எழுதிவிட்டு அமைதியாக இருக்கும்.

1998இல் வந்த செலரான் 300ஏ செயலியை, அதை மற்ற பாகங்களோடு இணைக்கும் தடமான பஸ்ஸின் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியே 450இல் ஓட்டினோம். 50 விழுக்காடு இலவசமாகக் கிடைத்தது. இன்று அந்த இடைவெளியின் பெரும்பகுதியைச் செயலியே தானாகப் பயன்படுத்திக்கொள்கிறது. மிச்சத்தைத் தேடுகிறோம் என்ற அளவோடு இறங்கினால் ஏமாற்றம் இருக்காது.

புதுக்கணக்கு எழுதியது:

மூவருக்கும் நன்றி. 18ஆம் எண் பிழை மூன்று முறையும் பதிவாகியிருந்தது. ஏபிக் ஐடி இரண்டு முறை 4, ஒரு முறை 5. அதாவது கோர் 2. ஐந்து இரவுகள் சோதித்த பிறகு, கோர் 2 மைனஸ் 5இலும், மற்றவை மைனஸ் 15க்கும் 25க்கும் இடையிலும் நிலைத்திருக்கின்றன. வெப்பம் 74 டிகிரி. ஒரு வாரமாக மறுதொடக்கம் இல்லை. எக்ஸ்.எம்.பி.யை இன்றுதான் மீண்டும் இயக்கினேன்.

கோர்க்காவலர் எழுதியது:

நல்லது. எக்ஸ்.எம்.பி. இயங்கும் நிலையில் ஒரு முறை மெம்டெஸ்ட்86 என்ற நினைவகச் சோதனையை ஓட்டிவிடுங்கள். பயாஸைப் புதுப்பித்தால் கர்வ் ஆப்டிமைசர் எண்கள் பெரும்பாலும் அழிந்துவிடும் என்பதால், அந்தத் திரையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.