உள்நாட்டுக்காரர்களுக்குக் கடலில் கயாக் ஓட்டித் தூண்டில் போடக் கற்பிப்பது எப்படி?

கேள்வி: அணைக்கரையார், கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். விடுமுறை நாள்களில் புதுச்சேரி, கோவளம் பக்கம் சென்று கடலில் கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுக்கமான சிறு படகு) ஓட்டித் தூண்டில் போடுவது எனக்குச் சில ஆண்டுகளாகப் பழக்கம். என்னிடம் இருப்பது, மூடிய மேற்பரப்பின்மீது அமர்ந்து ஓட்டும் வகைக் கயாக். இப்போது கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், தருமபுரி ஆகிய ஊர்களைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் தங்களுக்கும் கற்றுத்தருமாறு கேட்கிறார்கள். நால்வரும் தூண்டிலில் கைதேர்ந்தவர்கள். விராலும் கெண்டையும் அவர்களுக்குப் புதிதல்ல. கடலையோ கரையில் நின்று பார்த்ததோடு சரி. மூவருக்குக் கிணற்றிலும் ஏரியிலும் பழகிய நீச்சல் உண்டு. ஒருவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு, விடியலில் கடற்கரையை அடைந்து, ஒரு மணி நேரம் மணலில் வைத்துத் துடுப்புப் பிடிக்கக் காட்டிவிட்டு, உடனே நால்வரையும் கடலுக்குள் அழைத்துச் செல்லலாம் என்று எண்ணியிருக்கிறேன். அதற்கு முன் நம் பக்கத்து நீர்நிலைகளில் எவ்வளவு பயிற்சி தேவை, தனியொருவனாக எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள முடியும், எந்தக் கட்டத்தில் அவர்கள் கையில் தூண்டிலைக் கொடுக்கலாம் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: தேவனாம்பட்டினத்துக்காரர், ஓசூரில் பணி

ஐயா, உங்கள் திட்டத்தில் முதலில் மாற்ற வேண்டியது அந்த வெள்ளிக்கிழமை இரவுப் பயணம். ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. கூரைமேல் கயாக்குகளைக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்தவரால் நான்கு புதியவர்களின்மீது கண் வைத்திருக்க முடியாது. ஒரு நாள் முன்பே வந்து தங்கி, மாலையில் கரையில் அமர்ந்து அலை எங்கே உடைகிறது என்பதை அவர்களுக்குக் காட்டுங்கள். மறுநாள் காலையில் இறங்குங்கள்.

களைப்பைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. கரையில் வாழ்பவர்களுக்கு இன்று கடல் சரியில்லை என்றால் நாளை இருக்கிறது. உங்களுக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த மாதம்தான். எனவே 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒரு சுற்றாவது போய்விட்டு வருவோமே' என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த நேரத்தில் வழிகாட்டியின் மனமும் இளகிவிடும். ஆகவே இறங்குவதா வேண்டாமா என்ற முடிவின் அளவுகோலைக் கிருஷ்ணகிரியிலேயே எண்களாக எழுதி, நால்வரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நான் புதியவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு இது: முன்னறிவிப்பில் அலையின் உயரம் 1 மீட்டரையோ, காற்றின் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரையோ தாண்டினால் இறங்குவதில்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றுக்கான முன்னறிவிப்பைக் கடற்கரை வாரியாக வெளியிடுகிறது. புறப்படும் முன் ஒரு முறையும் இறங்கும் காலையில் ஒரு முறையும் பாருங்கள். வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அப்படித் திரும்ப நேரும் நாளுக்கென்று மாற்று வேலை ஒன்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். கடலூர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் பார்ப்பதும் படிப்புத்தான்.

காற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏரியில் பழகியவர்கள் ஏமாறுவது இதில்தான். விடியலில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, வெயில் ஏறிய பிறகு திசை மாறிக் கடலிலிருந்து கரையை நோக்கி வீசத் தொடங்கும். கட்டுமரக்காரர்கள் இருட்டிலேயே நிலக்காற்றில் பாய் விரித்துச் சென்று, கடற்காற்றில் திரும்பியதெல்லாம் இந்தக் கணக்கில்தான். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில், நம் கிழக்குக் கரையில் காலை நேரத்து மேல்காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) வலுவாக இருக்கும். அது கடற்காற்று எழுவதைத் தாமதப்படுத்தவும் கூடும். அந்த நாள்களில் கரையோரத்து நீர் கண்ணாடிபோல் தட்டையாகத் தெரியும், ஏனெனில் காற்று கரையிலிருந்து புறப்படுவதால் அங்கே அலை எழும்ப இடமில்லை. புதியவர் அதைப் பார்த்து அமைதியான கடல் என்று நம்பி இறங்குவார். துடுப்புக்கு வேலையே இல்லாமல் அரைக் கிலோமீட்டர் போய்விடுவார். திரும்பும்போதுதான் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டருக்குமேல் ஓட்ட முடியாத தம் கைகள் காற்றுக்கு ஈடு கொடுக்காததை உணர்வார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்காலம், அறவே வேண்டாம். ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரையான காலத்தைக் கற்பிப்பதற்கென ஒதுக்குங்கள்.

ஆற்று முகத்துவாரத்தைப் பாதுகாப்பான இடம் என்று எண்ணி அங்கே இறக்கிவிடாதீர்கள். நம் தென்பெண்ணை கடலூரை ஒட்டிக் கடலில் கலக்கும் இடத்தை மேலிருந்து பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். ஓதம் இறங்கிக் கடல் வற்றும் நேரத்தில் நீர் கடலை நோக்கி இழுக்க, எதிரே வரும் அலை மணல்திட்டின்மீது செங்குத்தாக எழுந்து உடையும்; கயாக் குறுக்கே திரும்பினால் புரட்டிப் போட்டுவிடும்.

இன்னொன்று, இறங்கும் இடத்தில் உள்ள மீனவர்களிடம் முதலில் பேசுங்கள். இன்று இறங்கலாமா, வலை எங்கே விரித்திருக்கிறது என்ற இரண்டையும் கேட்டுவிட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் கேள்வி கேட்காமல் கயாக்கை மீண்டும் கூரைமேல் கட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு உரியது. ஆனாலும் அந்தப் பருவத்தில் அந்தந்த ஊர்க் கட்டுப்பாட்டையும் விசாரித்துக்கொள்வது முறை.

பதில்: பென்னாகரத்தார்

முந்தைய பதிலை அப்படியே வழிமொழிகிறேன். நான் தேங்கிய நீரில் செய்ய வேண்டியதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாகமரை, ஒட்டனூர்ப் பக்கம் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசலில் சென்று வலை விரிப்பவர்கள் இடையே வளர்ந்தவன் நான். பரிசல் பழகியவருக்கு நீரில் உடம்பைத் தளர்த்தி உட்காரத் தெரிந்திருக்கும். அது பெரிய முதலீடு. ஆயினும் பரிசல் சுழலுமே தவிர எளிதில் கவிழாது, கயாக் நேராக ஓடுமே தவிரப் பக்கவாட்டில் சாயத் தயங்காது. ஆதலால் பழைய நம்பிக்கையோடு ஏறுபவர்தான் முதலில் நீருக்குள் விழுவார்.

கிருஷ்ணகிரி அணை, கெலவரப்பள்ளி, நாகாவதி என எதுவானாலும் முன்கூட்டியே அதிகாரிகளிடம் அனுமதி பெற்று, கரையோரம் மார்பளவுக்குச் சற்று மிகுந்த ஆழத்தில் பயிற்சியை வையுங்கள். ஒகேனக்கல் போன்ற ஓடும் நீரை இதற்கு நினைக்கவே வேண்டாம். முதல் பாடம் துடுப்பு வீச்சாக இருக்கக் கூடாது. கவிழ்ந்த கயாக்கில் மீண்டும் ஏறுவதுதான் முதல் பாடம். கவிழ்ந்த கயாக்கின் அடிப்பகுதிமீது கையை நீட்டி, எதிர்ப்பக்க விளிம்பையோ நீர் வடியும் துளையையோ பற்றி, பின்னால் சாய்ந்து இழுத்தால் அது நிமிர்ந்துவிடும். அதன்பின் இருக்கைக்கு நேராக வந்து, இரு விளிம்புகளையும் பிடித்து, கால்களை உதைத்து உடம்பு நீர்மட்டத்தில் கிடைமட்டமாக மிதக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள்: கால்கள் கயாக்கின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கைவலுவால் ஏற முயல்வார்கள், அது மீண்டும் அவர்கள் தலைமீதே கவிழும். உடம்பு மிதந்த பிறகு ஓர் உதையோடு வயிற்றை இருக்கைமேல் கிடத்தி, புரண்டு அமர்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். வயிறு, இடுப்பு, கால் என்ற வரிசையை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

இதைக் காலையில் புத்துணர்ச்சியோடு செய்து காட்டுவது போதாது. பயிற்சி முடிந்து எல்லோரும் கை சோர்ந்து கரைக்குத் திரும்பும் நேரத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு இன்னொரு முறை கவிழ்ந்து ஏறச் சொல்லுங்கள். அப்போது பிறர் உதவியின்றி ஏற முடியாதவரைக் கடலுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். அவருக்கு வருத்தம் இருக்கும், இருக்கட்டும்.

கடலில் கூவினால் கேட்காது என்பதால் சைகைகளையும் ஏரியிலேயே பழக்கிவிடுங்கள். துடுப்பைச் செங்குத்தாக உயர்த்தினால் என்னை நோக்கி வா, தலைக்குமேல் கிடைமட்டமாகப் பிடித்தால் அங்கேயே நில், உள்ளங்கையால் தலையைத் தட்டினால் நான் நலம். விசிலை மூன்று முறை ஊதினால் ஆபத்து.

பதில்: சூளகிரி வாசகர்

ஒரே ஒரு மாற்றுக் கருத்து. நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த நண்பரை ஒதுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஏனெனில் லைஃப் ஜாக்கெட் மிதக்க வைத்துவிடும். நீந்தத் தெரிந்தவர்கள்தான் அதன் வாரைத் தளரவிட்டு, தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் காதுவரை ஏறி நிற்க, துடுப்பைப் பிடிக்கவும் முடியாமல் தவிக்கிறார்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்து, ஜாக்கெட் நகரவில்லை என்றால் மட்டுமே ஒருவரை இறங்க விடலாம்.

கேள்வி கேட்டவர்: அணைக்கரையார்

அனைவருக்கும் நன்றி. பயணத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளிவைத்து, அதற்குள் ஏரிப் பயிற்சியை முடிக்க முடிவு செய்திருக்கிறேன். அலை உடையும் பகுதியைக் கடப்பதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதும், தூண்டில் எப்போது என்பதும் மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

பதில்: தேவனாம்பட்டினத்துக்காரர், ஓசூரில் பணி

முதலில் சூளகிரி நண்பருக்கு: ஜாக்கெட் பற்றிய உங்கள் சோதனை மிகச் சரி. ஆனால் மிதப்பது வேறு, முகத்தில் அலை அடிக்கும்போது பதறாமல் மூச்சை அடக்கிக்கொள்வது வேறு. அந்த அரைகுறை நீச்சல்காரர் ஏரியில் பென்னாகரத்தாரின் சோதனையில் தேறினால் வரட்டும், என் ஆட்சேபம் அவ்வளவே. தனியொரு வழிகாட்டி முதல் நாளில் இருவருக்குமேல் கடலுக்குள் அழைத்துச் செல்வதை நான் ஏற்கமாட்டேன்; மற்ற இருவரும் கரையில் நின்று பார்க்கட்டும், பிறகு முறை மாறட்டும்.

அலைகள் ஒரே சீராக வருவதில்லை. பெரியவை சில கூட்டமாக வந்து ஓய்ந்தபின் சற்று அடக்கமான இடைவெளி ஒன்று கிடைக்கும். அந்த இடைவெளியை அவர்களே கண்டுபிடித்துச் சொல்லும்வரை கரையில் நிறுத்திவையுங்கள், கால் மணி நேரமானாலும் பரவாயில்லை. புறப்பட்டபின் முனை அலைக்கு நேராக இருக்க வேண்டும். உடையும் பகுதியைக் கடக்கும்வரை துடுப்பை நிறுத்தக் கூடாது. திரும்பும்போது ஓர் அலையின் முதுகைத் தொடர்ந்து வர வேண்டும். அலையின்மீது ஏறி வர ஆசைப்பட்டால் கயாக் குறுக்கே திரும்பிக் கவிழும். கவிழ்ந்தால் ஒரே விதிதான்: கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதே. அலை தூக்கியெறியும் கயாக் முழங்காலை முறிக்கும் வலுவுடையது. துடுப்பைக் கயாக்கோடு பிணைக்கும் கயிறு ஆழத்தில் நல்லது, ஆனால் அலை உடையும் பகுதியில் அது கழுத்திலோ காலிலோ சுற்றும்; அங்கே அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

முதல் நாள் முழுவதும் தூண்டிலே வேண்டாம். அலையைக் கடந்து, சற்று நேரம் ஓட்டி, நல்லபடியாகக் கரையேறுவதே அன்றைய வேலை. தூண்டிலில் தேர்ந்தவர்களுக்கு இது கசக்கும்; ஆனால் கையில் ராடு வந்த கணத்திலேயே காற்றும் கரையும் மறந்துபோகும். இரண்டாம் நாளில் ஆளுக்கு ஒரு ராடு மட்டும் கொடுத்து, ஒற்றைச் செயற்கை இரையைப் பின்னால் இழுத்தபடி மெல்ல ஓட்டச் சொல்லுங்கள். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கையில் ஏறினாலும் எளிதில் கழலும். தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடும் வேலையெல்லாம் கரையிலேயே முடிந்திருக்க வேண்டும், ஏனெனில் ஆடும் கயாக்கில் தலைகுனிந்து கண்ணைச் சுருக்கினால் குமட்டல் தொடங்கிவிடும். நங்கூரத்தைப் புதியவர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நீரோட்டத்தில் அது பக்கவாட்டில் மாட்டினால் கயாக்கைக் கவிழ்த்துவிடும்.

பாறை மீனோ ஊளி மீனோ கடித்து இழுக்கும்போது ஏரிப் பழக்கத்தில் உடம்பை மீனின் பக்கம் சாய்ப்பார்கள். தலை எப்போதும் தொப்புளுக்கு நேர்மேலே இருக்க வேண்டும், விளிம்பைத் தாண்டக் கூடாது. ரீலின் டிராக்கை (நரம்பு உருவிச் செல்வதைத் தடுக்கும் இறுக்கத்தை) தளர்வாக வைத்து, ராடை முனைப்பக்கம் திருப்பினால் கயாக்கே மீனின் பின்னால் இழுபட்டுச் செல்லும். மீன் சோர்ந்த பிறகு பக்கத்துக்குக் கொண்டுவரலாம். கடல் கெளுத்தியின் முதுகு, பக்க முள்களும் திருக்கையின் வால் முள்ளும் விஷமுடையவை. அவற்றைக் கயாக்கில் ஏற்றாமல் நரம்பை வெட்டிவிடச் சொல்லுங்கள். குத்திவிட்டால் சுடாத அளவுக்குச் சூடான நீரில், ஏறத்தாழ 45 டிகிரியில், அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். அதன்பின் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஏரியில் நஞ்சுள்ள பேத்தை மீன் கிடையாது என்பதால் அதை உண்ணக் கூடாது என்பதையும் இவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கரையில் ஒருவரைக் கட்டாயம் நிறுத்துங்கள். எங்கே இறங்கினோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பது அவரிடம் எழுத்தில் இருக்கட்டும். குறித்த நேரத்துக்குப் பிறகு அரை மணி நேரம் கடந்தால் அவர் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணையோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணையோ அழைக்க வேண்டும். ஏரிப் பயிற்சி எப்படிப் போனது என்பதை இங்கேயே எழுதுங்கள். பிப்ரவரியில் நான் ஊரில் இருந்தால் இரண்டாவது ஆளாகக் கரைக்கு வருகிறேன்.