மாடி வீட்டுத் தண்ணீர்

குழு: வில்லியனூர் பாட்டி குடும்பம்
சனிக்கிழமை, மாலை 4:10

முதலியார்பேட்டை அக்கா: ஏஎஃப்டி ரயில்வே கேட்டில் வெயிலில் நின்று, வேர்த்து விறுவிறுத்து வீடு வந்தால், மாடி வீட்டில் தரை துடைத்த தண்ணீரை அப்படியே கீழே ஊற்றியிருக்கிறார்கள். கொடியில் கிடந்தது சின்னவனின் வெள்ளை அங்கி. நாளைக் காலைக் கோவில் பூசையில் சாமியாருக்குப் பீடத்தில் உதவி செய்வது அவன்தான். இது முதல் தடவையும் இல்லை. இன்றைக்கு மேலே ஏறிப்போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கப்போகிறேன்.

அரியாங்குப்பம் தம்பி: கேள் அக்கா. நானும் வரட்டுமா?

வில்லியனூர் பெரியம்மா: நீ சும்மா இருடா. ஏம்மா, முதலில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடி. நம்ம சிறுமலர் தெரசம்மா, அதான் பிரான்சில் லிசியே மடத்தில் கன்னியாஸ்திரியாக இருந்த புனிதை, மடத்தில் துணி துவைக்கும்போது, எதிரே நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரை முகத்திலேயே தெறிக்க விடுவார். தெரசம்மா விலகவும் இல்லை, முகம் துடைக்கவும் இல்லை.

அரியாங்குப்பம் தம்பி: பெரியம்மா, அவர்கள் புனிதை. அக்காவுக்கு விடிவதற்குள் அங்கி காய வேண்டும் 😄

கடலூர் மாமா: புனிதை என்றால் கோபமே வராதா? ஜெப நேரத்தில் பின்னால் ஒரு சகோதரி விடாமல் ஏதோ சத்தம் போடுவாராம். திரும்பி ஒரு முறை முறைக்கலாமா என்றிருக்குமாம். அடக்கி அடக்கி உடம்பே வேர்த்துப் போகும். 24 வயதில் இறந்துபோன பெண் அவர்.

முதலியார்பேட்டை அக்கா: சரி மாமா. ஆனால் ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடலூர் மாமா: வாயை மூடச் சொல்லவில்லையே. பைபிளில் யோவான் நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். காவலன் கன்னத்தில் அறைந்தபோது ஆண்டவர் இயேசு சும்மா இருந்தாரா? நான் பேசியது தவறென்றால் எது தவறென்று காட்டு, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். திட்டவில்லை, சபிக்கவில்லை. மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரும் அவரேதான். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாதியை மட்டும் பிடித்துக்கொண்டுதான் நம் ஆட்கள் பலர் உள்ளுக்குள் குமுறிக்கொண்டு பொறுமைசாலி என்று பெயர் வாங்குகிறார்கள்.

வில்லியனூர் பெரியம்மா: கேட்கலாம், ஆனால் இப்போது போகாதே. இந்தக் கோபத்தோடு போனால் அங்கிப் பேச்சு போய், போன வருஷத்துப் பேச்செல்லாம் வரும்.

அரியாங்குப்பம் தம்பி: வரும், வரும் 😂

மாலை 6:35

முதலியார்பேட்டை அக்கா: அங்கியை அலசி, நீலம் போட்டு, மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டுவிட்டு மேலே போனேன். குளியலறைத் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கிடக்கிறதாம். வீட்டுக்காரரிடம் சொல்லியும் அவர் ஆள் அனுப்பவில்லையாம். கீழே துணி காய்வது மேலிருந்து தெரியாதாம். அதை மட்டும் நான் நம்பவில்லை. ஊற்றுவதற்கு முன்னால் ஒரு குரல் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரிடமாவது நல்ல பிளம்பர் நம்பர் இருக்கிறதா?

அரியாங்குப்பம் தம்பி: இருக்கிறது, அனுப்புகிறேன். நாளை ஞாயிறு, வரமாட்டார். காசை வீட்டுக்காரரிடம் வாங்கிவிடு.