பாலைவனத்தில் பிள்ளைகளோடு தங்கிய அனுபவம்: நீங்களும் எழுதுங்கள்

ஜோத்பூர்வாசி

பிறந்து வளர்ந்தது கும்பகோணம் பக்கம். வேலைக்காக ஜோத்பூர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. போன டிசம்பர் கடைசியில் இங்குள்ள ஒரு பள்ளியின் இயற்கைக் குழுப் பிள்ளைகள் ஜெய்சால்மர் பக்கம் மூன்று இரவு தங்கிப் படம் எடுக்கப் போனார்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கேமரா தெரியும், கூடாரம் அடிக்கவும் தெரியும் என்று சொல்லிவிட்டேன். முதலில் சொன்னது உண்மை.

13 வயதிலிருந்து 16 வயது வரை 22 பேர். மூன்று ஆசிரியர்கள், என்னையும் சேர்த்து நான்கு தன்னார்வலர்கள். குரி கிராமத்தைத் தாண்டி மணல்மேடுகளுக்கு நடுவே இடம். நான் அடித்த முளைகளெல்லாம் முதல் காற்றிலேயே வெண்ணெயில் குத்திய ஊசி மாதிரி வெளியே வந்துவிட்டன. ஒட்டகத்தில் தண்ணீர் கொண்டுவந்த பெரியவர் (பிள்ளைகள் 'காகாசா' என்று கூப்பிட்டார்கள்) சிரிக்காமல் நின்று பார்த்தார். பிறகு நான்கு வெற்றுச் சாக்கு கேட்டார். சாக்கில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் படுக்கப்போட்டு மூடினார். மூன்று நாளும் அந்தக் கூடாரம் அசையவில்லை. மற்ற கூடாரங்களுக்கும் சாக்கு தேடி அலைந்தது என் முதல் தொண்டு.

பாலைவனம் என்றால் மணல்தானே என்று நினைத்துத்தான் நானும் போனேன். அங்குள்ள பாலைவனத் தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர், 1980இல் அறிவித்தது. அதில் மணல்மேடு ஒரு பகுதிதான். மிச்சமெல்லாம் கல்தரை, வறண்ட உப்புப் படுகை, சேவண் புல். உள்ளே ஊர்கள் இருக்கின்றன, ஆடுமாடு மேய்கிறது. என்னோடு வந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாமல் போனது நான் ஒருவன்தான்.

எல்லோருக்கும் ஆசை கானமயில் மேல். இங்கே கோடாவண் என்பார்கள், ராஜஸ்தானின் மாநிலப் பறவை. காட்டில் ஏறக்குறைய 150தான் மிச்சம். ஒரு பையன் அப்பாவிடம் கெஞ்சி 600 எம்எம் வரை போகும் லென்ஸ் வாங்கி வந்திருந்தான். அதை ஒரு கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றிவைத்திருப்பான்.

சுதாசரி பக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. வண்டி பழுது, நேரம் போய்விட்டது. வேலிக்கு அப்பால் வெகு தூரத்தில், புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து. பையன் நூறு படம் எடுத்தான். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்த மாதிரி நெளிகிறது. லென்ஸ் போய்விட்டது என்று அழாத குறை. தரை சூடேறியதும் அதன் மேல் காற்று அலையாக எழும்பும். எவ்வளவு பெரிய லென்ஸோ அவ்வளவு பெரிதாக அந்த அலையும் தெரியும் என்று விளக்கினேன். விடியலில் வந்திருக்க வேண்டும். பக்கத்தில் போகலாமா என்று கேட்டான். வனக் காவலர் கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினார். தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடுகிற பறவை. விரட்டிவிட்டால் திரும்ப வருமா என்று யார் சொல்வது?

ராத்திரி எல்லோரும் அன்றைய படங்களைக் காட்டினார்கள். அவன் கடைசியாக, வேண்டாவெறுப்பாக, ஒரு படம் வைத்தான். நெளிகிற கானமயில், அதன் பின்னால் வரிசையாக நெளிகிற மின்கம்பிகள். ஓர் ஆசிரியர் அதிலேயே நிறுத்தச் சொன்னார். இந்தப் பறவைக்கு நேர் முன்னால் பார்வை குறைவு, உடம்பும் கனம், கம்பியைப் பார்த்துச் சட்டென்று திரும்ப முடியாது. இப்போது அதன் பெரிய எதிரி இந்தக் கம்பிதான் என்றார். நூறு படத்தில் அதை மட்டும் அவன் அழிக்கவில்லை.

மறுநாள் அவனை ஜெர்பில் வளைக்கு முன்னால் படுக்கப்போட்டேன். இந்தப் பாலைவன எலி பகலிலேயே நடமாடும், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும் என்று சொல்லிவைத்தேன். முக்கால் மணி நேரம். எலி வந்தது, அவனுக்குப் பின்னாலிருந்த இன்னொரு வளையிலிருந்து. அவன் பூட்ஸின் அடிப்பாகத்தை முகர்ந்துவிட்டுப் போனது. பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அதைக் கைப்பேசியில் எடுத்துவிட்டார்கள். பாவம், பையன் அரைத்தூக்கம்.

இனி சொல்லத் தயங்குகிற விஷயம். இரண்டாம் இரவு, அமாவாசைக்கு மறுநாள். விண்மீன் படம் எடுக்க என் பொறுப்பில் விட்டார்கள். 18 எம்எம் கிட் லென்ஸ் (கேமராவோடு வருவது), ஷட்டர் 15 முதல் 18 நொடி திறந்திருக்கட்டும், அதற்கு மேல் போனால் விண்மீன் கோடாகிவிடும். பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். இதெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். "யார் படத்திலும் யார் விளக்கும் விழக்கூடாது" என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். ஒன்பதே முக்காலுக்கு எண்ணினால் 21.

மறுபடி எண்ணினோம். 21. விசில் ஊதினோம், பதில் இல்லை. மணல்மேட்டில் ஐம்பது அடி இறங்கினாலே கூடாரம் கண்ணில் படாது, காற்று எதிர்த்தால் சத்தமும் கேட்காது. விளக்குகளை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். பன்னிரண்டு நிமிஷம். இரண்டாவது மேட்டுக்குப் பின்னால், தலைவிளக்கை அணைத்துவிட்டு, முக்காலிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், 14 வயதுப் பெண். யார் படத்திலும் விளக்கு விழக்கூடாது என்று நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள். திட்ட வாயெடுத்த ஆசிரியர் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து இருவர் இருவராகத்தான் அனுப்பினோம், கூடார நடுவே சிவப்புத் தாள் ஒட்டிய ஒரு விளக்கு விடிய விடிய எரிந்தது. இரவுக் காவல் போட்டோம்; பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை என் முறை. குளிர் ஐந்து டிகிரி இருக்கும். மேகமோ ஈரமோ இல்லாத காற்று, பகலில் வாங்கிய சூட்டை மணல் அப்படியே வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பிள்ளைகளின் பேட்டரிகள் குளிரில் படுத்துவிடாதபடி எல்லாவற்றையும் ஒரு சாக்ஸில் போட்டு ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெற்கே தொடுவானத்துக்குச் சற்று மேலே அகத்திய நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி உயரம், அவ்வளவுதான். நம்மூரில் இதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு உயரத்தில் நிற்கும். ஊர் எவ்வளவு தூரம் என்பது அப்போதுதான் உறைத்தது.

நீங்களும் எழுதுங்கள்.

ஷார்ஜா அக்கா

தம்பி, அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைப் படிக்கும்போது எனக்கே கை நடுங்கியது. நாங்கள் பிள்ளைகளின் முதுகுப்பையில் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டை ஒட்டி அனுப்புவோம். படத்தைக் கெடுக்காது, டார்ச் அடித்தால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் 15 பேரை ஒரு ஜனவரியில் மெலீஹா பாலைவனப் பக்கம் கூட்டிப்போனோம். இங்கேயே பிறந்த பிள்ளைகள். தினமும் பள்ளி வண்டியின் ஜன்னலில் பார்க்கிற மணலில் ஒருநாளும் படுத்ததில்லை. நாங்கள் குளிருக்குத் தயாராகப் போனோம், மூடுபனிக்கு இல்லை. காலையில் எழுந்தால் பக்கத்துக் கூடாரம் தெரியவில்லை. துணியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். பாலைவனத்தில் நனைந்தோம் என்று ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்? சூரிய உதயப் படம் போச்சு என்று பெரியவர்கள் முகம் தொங்கிப்போச்சு. பிள்ளைகள் அதற்குள் ஒரு புதரின் சிலந்தி வலையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வலை முழுக்கப் பனித்துளி. நான் பார்த்த அழகான படங்களில் அதுவும் ஒன்று, எடுத்தவளுக்கு ஒன்பது வயது.

அப்புறம் நரி. ராத்திரி வெளியே விட்ட செருப்பில் ஒன்று காணோம். தடத்தைப் பின்தொடர்ந்தால், மேட்டுக்கு அந்தப் பக்கம் கடித்துப்போட்ட செருப்பு, இன்னும் சற்றுத் தள்ளி என் லென்ஸ் மூடி. நரியை யாரும் பார்க்கவில்லை. ஆனால் நிழல் சாய்ந்து விழுகிற காலை வெயிலில் அதன் காலடிகள் அத்தனை துல்லியமாக இருந்தன, பிள்ளைகள் வரிசையாகப் படம் எடுத்துக் கதையாகவே கோத்துவிட்டார்கள்: வந்தது, நின்றது, முகர்ந்தது, தூக்கிக்கொண்டு ஓடியது.

இன்னொன்று. நாங்கள் நிழலுக்கு ஒதுங்கியது ஒரு காஃப் மரத்தடியில். அமீரகத்தின் தேசிய மரம். இலையைக் கிள்ளிப் பார்த்ததும் எங்கோ பார்த்த நினைவு. நான் விருத்தாசலத்துக்காரி. கோயில் தலமரம் வன்னி. அதே மரம்!

ஜோத்பூர்வாசி

அக்கா, இங்கே அதற்குப் பெயர் கேஜ்ரி. அதன் காய்தான் சாங்ரி. கேர் என்ற இன்னொரு காயோடு சேர்த்து வதக்கி, பாஜ்ரா ரொட்டியோடு மூன்று நாளும் சாப்பிட்டோம். இந்த மரத்தை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து, 1730இல் 363 பிஷ்ணோய் மக்கள் உயிர் விட்ட கேஜட்லி கிராமம் ஜோத்பூரிலிருந்து கூப்பிடு தூரம்தான். பிள்ளைகளில் நாலைந்து பேர் பிஷ்ணோய் வீட்டுப் பிள்ளைகள். ஒரு காய்ந்த கிளையை அடுப்புக்கு ஒடிக்கப்போய் அவர்களிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

தேரிக்காட்டு வாத்தியார்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கணும். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி பாலைவனம் இல்லைதான், ஆனால் செம்மணலில் ஏப்ரல் மாதம் வெறுங்காலோடு நடந்தவர்கள் வாதாட மாட்டார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருஷம் ஒருமுறை போவேன். எங்களிடம் இருப்பது மொத்தம் இரண்டு பழைய கேமரா, ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று முறை வைத்திருக்கிறோம்.

எங்கள் கதாநாயகன் விசிறித் தொண்டை ஓணான். கோடை வந்தால் ஆண் ஓணான் ஒரு மேட்டில் ஏறி நின்று தொண்டையை விசிறி மாதிரி விரித்து விரித்து மூடும். 2016இல் புதிதாக விவரித்த இந்த இனத்து ஓணான்களில் ஒன்றின் அறிவியல் பெயரே சித்தானா விசிறி. இன்னொன்று சித்தானா மருதம்நெய்தல். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னதும் கேமராவை விட்டுவிட்டு, "சார், நம்ம பேரு வைக்கலாமா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் விஷயம் ஒன்று. வெளிறிய மணலைப் பார்த்தால் கேமரா ரொம்ப வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டு படத்தை இருட்டாக்கிவிடும். ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) கூட்டிவைக்கச் சொல்லுங்கள். செம்மணலில் அந்தத் தொந்தரவு எங்களுக்கு அவ்வளவாக இல்லை, மணல் கேமராவுக்குள் போகிற தொந்தரவு நிறைய. ஜூம் வளையம் திருப்பினால் கரகர என்று முறுக்கு கடிக்கிற சத்தம் வரும். லென்ஸ் மாற்றுவதை நான் அடியோடு தடை செய்துவிட்டேன்.

தம்பி, ஒன்று கேட்க மறந்தேன். அந்தப் பெண் எடுத்த படம் என்ன ஆச்சு?

ஜோத்பூர்வாசி

சார், நல்ல கேள்வி. நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றபோது அவள் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தாள். "போட்டோ கராப் ஹோ கயா" என்பதுதான் முதல் வார்த்தை. எங்களால் படம் கெட்டுப்போச்சாம்.

திரையில் பார்த்தேன். மேலே வேட்டைக்காரன் விண்மீன் கூட்டம், பெல்ட்டும் வாளும் ஊசிமுனை மாதிரி கூர்மை. கீழே கறுத்த மணல்மேடு. அதன் விளிம்பு நெடுக, மஞ்சளும் வெள்ளையுமாக, ஏறி இறங்கி, ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நான்கு கோடுகள். ஒரு கோடு பாதியில் நின்று, கொஞ்சம் கீழே தள்ளி மறுபடி தொடங்குகிறது. அங்கேதான் நான் விழுந்தேன்.