வார்த்தையே இல்லாத சிம்பொனில "சுதந்திரம்" எங்கருந்து வருது?

சிம்பொனிரசிகன்:
கொஞ்ச நாளா பீத்தோவன் நிறைய கேட்டுட்டிருக்கேன். எந்த கட்டுரைய எடுத்தாலும் விடுதலை, புரட்சி, மனித உரிமைன்னுதான் பேசறாங்க. மூணாவது சிம்பொனிய (எரோய்க்கா, பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதின நீண்ட இசை) நெப்போலியன மனசுல வெச்சு எழுதினாரு, 1804-ல நெப்போலியன் தன்னையே சக்கரவர்த்தின்னு அறிவிச்சதும் கோபத்துல முகப்புப் பக்கத்த கிழிச்சு போட்டாருன்னு அவரோட மாணவர் ரீஸ் எழுதி வெச்சிருக்காரு, வியன்னால இருக்கற ஒரு பிரதில அந்த பேர சுரண்டி சுரண்டி தாளே ஓட்டையாயிருக்கு. இதெல்லாம் சரி, நம்பறேன். அது அந்த மனுஷனோட அரசியல். ஆனா இசைக்குள்ள அது எப்படி போச்சுங்கறதுதான் எனக்கு புரியல. வயலினும் ஹார்னும் எந்த கொள்கையும் பேசாது. இந்த கதை எதுவும் தெரியாத ஒருத்தர் எரோய்க்காவ கேட்டா அவருக்கு சுதந்திரம் ஞாபகம் வருமா, இல்ல வெறுமனே "பெரிய சத்தம், நல்லாருக்கு"ன்னு போயிடுவாரா? நாமதான் வெளியிலருந்து கொண்டு போய் ஒட்டறோமா? நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன், இசை படிச்சவங்க யாராவது கொஞ்சம் விளக்குங்க.

வயலின்காரி:
ஒட்டறதும் உண்டு, உள்ளேயே இருக்கறதும் உண்டு. உள்ளே இருக்கறதுக்கு ரெண்டு இடம் சொல்றேன், ரெண்டும் ஓபரா, அதாவது பாடி நடிக்கற நாடகம், ஆனா வேலை செய்யறது இசைதான்.

மோட்ஸார்ட்டோட ஃபிகாரோ, 1786. மூல நாடகம் போமார்ஷே எழுதினது, வேலைக்காரன் எஜமான கேள்வி கேக்கறான்னு பிரான்ஸ் ராஜா அத ரொம்ப நாள் மேடை ஏறவே விடல, வியன்னாலயும் நாடகமா போட அனுமதி கிடைக்கல. ஓபராவா மாத்தும்போது அதுக்கு வரிகள் எழுதின டா போன்டே காரமான அரசியல் வசனத்தெல்லாம் எடுத்துட்டாரு, அப்புறம்தான் அனுமதி. ஆனா முதல் அங்கத்துல தன் வருங்கால மனைவி மேல பிரபுவுக்கு கண்ணுன்னு ஃபிகாரோவுக்கு தெரிய வந்ததும் அவன் தனியா நின்னு ஒரு பாட்டு பாடறான், "நீங்க ஆடணும்னா ஆடுங்க பிரபுவே, கிடார் வாசிக்கறது நான்"ங்கற மாதிரி. அந்த பாட்டோட தாளத்த கவனிங்க. அது மினுவெட். பிரபுக்கள் மாளிகைல ஆடற நடனம். அவங்களோட நடனத்தையே ஒரு வேலைக்காரன் எடுத்துகிட்டு அதுலயே மிரட்டறான், பாதில அத விட்டுட்டு வேகமான, சாதாரண ஜனங்க ஆடற தாளத்துக்கு தாவறான். சென்சார் வசனத்தத்தான் வெட்ட முடிஞ்சுது, மினுவெட்ட வெட்ட முடியல. அன்னைக்கு அரங்கத்துல இருந்தவங்களுக்கு எந்த நடனம் எந்த வர்க்கத்தோடதுன்னு காதுலயே தெரியும், யாரும் விளக்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு ஃபிடேலியோ. பீத்தோவன் முடிச்ச ஒரே ஓபரா. அரசியல் காரணத்துக்காக ஒளிச்சு வைக்கப்பட்ட புருஷன காப்பாத்த மனைவி ஆம்பளை வேஷம் போட்டு ஜெயில்ல வேலைக்கு சேர்றா. அதுல கைதிகள கொஞ்ச நேரம் முற்றத்துக்கு விடற காட்சி ஒண்ணு இருக்கு. தந்தி வாத்தியங்கள் கீழருந்து ஒவ்வொரு படியா, கண் கூசற மாதிரி மேல வருது, கோரஸும் முதல்ல தயங்கித்தான் பாடுது. அப்புறம் ஒரு கைதி நாம விடுதலை ஆவோம்னு நம்பிக்கையோட பாடறான், எல்லாருக்கும் துணிச்சல் வந்து குரல் ஏறுது. உடனே இன்னொருத்தன் மெதுவா பேசுங்க, நம்மள கண்காணிக்கறாங்கன்னு எச்சரிக்கறான். அந்த இடத்துல மொத்த கோரஸும் அப்படியே அடங்கி கிசுகிசுப்புக்கு போகும் பாருங்க, எத்தனை தடவை வாசிச்சாலும் எனக்கு வில் பிடிக்கற கை நடுங்கும். பயம்னா என்னன்னு அங்க யாரும் வர்ணிக்கல, சத்தத்தோட அளவுலயே காட்டிட்டாரு. ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியலன்னாலும் புரியும்.

இதோட முதல் அரங்கேற்றம் 1805 நவம்பர் 20, வியன்னால. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் நெப்போலியனோட படை ஊரையே பிடிச்சிருந்துச்சு. பார்க்க வந்ததுல முக்கால்வாசி பிரெஞ்சு ஆபீசருங்க. நாடகம் எடுபடல.

நேர்கேள்வி:
மேடம், நீங்க சொன்னது ரெண்டும் மேடை, கதை, பாத்திரம் எல்லாம் இருக்கற சமாச்சாரம். நண்பர் கேட்டது சிம்பொனி. பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனிய எடுத்துக்குங்க, அதுல ஷில்லர் கவிதையே இருக்கு, எல்லா மனுஷனும் சகோதரன்னு பாடறாங்க. அதையே 1942 ஏப்ரல்ல ஹிட்லர் பிறந்தநாளுக்கு முந்தின நாள் பெர்லின்ல ஃபுர்ட்வாங்லர் நடத்தினாரு, முடிஞ்சதும் நாஜி பிரச்சார மந்திரி கெப்பெல்ஸ் வந்து கை குலுக்கறது ஃபிலிம்லயே இருக்கு. அதே மெட்ட 1974-ல ரொடீசியா தேசிய கீதமாக்கிச்சு, வெள்ளைக்காரங்க சிறுபான்மை ஆட்சி நடந்த நாடு அது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் ஐரோப்பிய கவுன்சில் அதே மெட்ட தன்னோட கீதமா எடுத்திருந்துச்சு. 1989 கிறிஸ்மஸ் அன்னைக்கு பெர்லின்ல பெர்ன்ஸ்டைன் நடத்தினப்ப "மகிழ்ச்சி"ங்கற இடத்துல எல்லாம் "சுதந்திரம்"னு மாத்தி பாட வெச்சாரு, மாத்த வேண்டியிருந்துச்சுங்கறதையும் யோசிங்க. யார் வேணா எதுக்கு வேணா எடுத்துக்கலாம்னா உள்ள எதுவும் இல்லன்னுதானே அர்த்தம்?

இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் வெர்டி கதையும் சேர்த்துக்கங்க. அவரோட நபுக்கோ ஓபரா முதல் நாள் 1842-ல அடிமைகள் கோரஸ ஜனங்க தடைய மீறி திரும்ப பாட சொன்னாங்க, இத்தாலிய விடுதலைக்கு அதுதான் தீப்பொறின்னு எல்லா இடத்துலயும் எழுதறாங்க. ரோஜர் பார்க்கர்னு ஒரு ஆராய்ச்சியாளர் அந்த காலத்து பத்திரிகை விமர்சனங்கள தேடி பார்த்தாரு, அன்னைக்கு திரும்ப பாட சொன்னது வேற ஒரு பாட்டு. இந்த கோரஸுக்கு இந்த மரியாதை எல்லாம் பெரும்பாலும் பின்னாடி சேர்ந்ததுதான்.

பழைய ரெக்கார்டு:
எவன் வேணா எடுத்துக்கலாம்ங்கறது உண்மைதான் நேர்கேள்வி, ஆனா அதுலருந்து உள்ள எதுவும் இல்லன்னு வர்ற முடிவ நான் ஏத்துக்க மாட்டேன். வார்த்தை இல்லாததுதான் பல பேருக்கு மறைவா இருந்துச்சு.

1899-ல ரஷ்ய ஆட்சில இருந்த ஃபின்லாந்துல பத்திரிகைகள மூட ஆரம்பிச்சாங்க, அந்த பத்திரிகைகளுக்கு ஆதரவா நிதி திரட்டற மாதிரி நடத்தின நிகழ்ச்சிக்குத்தான் சிபேலியஸ் ஃபின்லாண்டியா இசைய எழுதினாரு. பின்னாடி சென்சாருக்கு பயந்து வேற வேற பேர்ல வாசிச்சாங்க. பேர்தான் மாறுச்சு, ஆரம்பத்துல பித்தளை வாத்தியங்கள் உறுமறதும் அப்புறம் அந்த அமைதியான பாட்டு வர்றதும் அப்படியேதான் இருந்துச்சு, கேட்டவங்களுக்கு போதும்.

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் விஷயம் இன்னும் சிக்கல். 1936 ஜனவரில ஸ்டாலின் ஆட்சியோட கட்சிப் பத்திரிகை பிராவ்தா அவரோட ஓபராவ கிழிச்சு எழுதினுச்சு, அந்த காலத்துல அது விமர்சனம் இல்ல, உயிர் மேல வெச்ச கத்தி. நாலாவது சிம்பொனிய ஒத்திகை வரைக்கும் போய் வாபஸ் வாங்கிட்டாரு, அது அரங்கேற 1961 ஆச்சு. 1937 நவம்பர்ல லெனின்கிராட்ல அஞ்சாவது சிம்பொனி. மெதுவான மூணாவது பகுதில ஜனங்க வாய்விட்டே அழுதாங்கன்னு அங்க இருந்தவங்க எழுதியிருக்காங்க. வருஷம் 1937ங்கறத மறக்காதீங்க, ராத்திரில கதவ தட்டி ஆள கூட்டிட்டு போன காலம், வீட்ல யாரும் சத்தமா அழக்கூட முடியாது. அந்த ஹால்ல அழ முடிஞ்சுது. அதே சிம்பொனியோட கடைசில ஒரே ஸ்வரத்த திரும்ப திரும்ப அடிச்சு ஒரு பிரமாண்டமான வெற்றி முழக்கம் வரும், கட்சிக்காரங்க தோழர் திருந்திட்டாருன்னு சந்தோஷப்பட்டாங்க, மத்தவங்களுக்கு அது அடிச்சு சிரிக்க வெச்ச மாதிரி கேட்டுச்சு. எது சரின்னு இன்னைக்கும் சண்டை, நடத்தறவர் எந்த வேகத்துல எடுக்கறாருங்கறத வெச்சே அர்த்தம் மாறும். பெர்ன்ஸ்டைனோட 1959 பதிவுல பறக்கும், அதையே நிதானமா எடுத்தா பாரம் தாங்காது.

அப்புறம் வாசிக்கற நாள்னு ஒண்ணு இருக்கு. 1968 ஆகஸ்ட் 21, சோவியத் டாங்கிங்க செக்கோஸ்லோவாக்கியாவுக்குள்ள போன அன்னைக்கு, லண்டன்ல சோவியத் ஆர்கெஸ்ட்ராவோட செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச் வாசிச்சாகணும். ஏற்கெனவே குறிச்ச உருப்படி த்வோர்ஷாக்கோட செல்லோ கான்செர்ட்டோ (தனி செல்லோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கறது), செக் நாட்டுக்காரரோட இசை! ஆரம்பத்துல ஹால்ல கூச்சல், பதிவுலயே கேக்கும். அவர் கண்ணீரோட வாசிச்சு முடிச்சு அந்த இசைக்குறிப்புப் புத்தகத்த தூக்கி பிடிச்சு காட்டினாரு. அந்த கான்செர்ட்டோ அரசியலுக்காக எழுதினது இல்ல. ஆனா அன்னைக்கு அத அரசியல் இல்லன்னு யாராவது சொல்ல முடியுமா?

சிம்பொனிரசிகன்:
ரொம்ப நன்றி சார், 1968 விஷயம் எனக்கு புதுசு. ஆனா இதெல்லாம் கேக்கறவங்க பக்கத்து விடுதலை. வாசிக்கறவங்களுக்கு? ஆர்கெஸ்ட்ராவ பார்த்தா ஒருத்தர் கோல ஆட்டறாரு, மத்த எல்லாரும் அவர் சொல்படி. அதுல சுதந்திரம் எங்க?

கடைசிவரிசை:
இத கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி, யாரும் இந்த பக்கம் பேசறதில்ல. 1922-ல மாஸ்கோவுல பெர்சிம்ஃபான்ஸ்னு நடத்துநரே இல்லாத ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சாங்க, முடிவெல்லாம் கூடி பேசித்தான், பத்து வருஷம் ஓடுச்சு. நியூயார்க்ல ஆர்ஃபியஸ் குழு 1972-லருந்து அதே வழி. முடியாததில்ல.

மோட்ஸார்ட்டே சால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப்கிட்ட வேலைக்காரங்க வரிசைல உட்கார்ந்து சாப்பிட்டவர்தான், 1781-ல விட்டுட்டு வெளில வந்தப்ப ஆர்ச்பிஷப்போட ஆள் உதைச்சு அனுப்பினாரு. அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சுதான் ஃபிகாரோ. வயலின்காரி சொன்ன அந்த மினுவெட்ட இத மனசுல வெச்சுட்டு கேளுங்க.

இன்னொண்ணு, ஹாலுக்குள்ள யார விடறாங்கங்கறது. மரியன் ஆண்டர்சன் கறுப்பினப் பாடகிங்கறதால 1939-ல வாஷிங்டன்ல கான்ஸ்டிட்யூஷன் ஹால்ல பாட அனுமதிக்கல. ஏப்ரல் 9 லிங்கன் நினைவிடத்து படில நின்னு பாடினாங்க, 75,000 பேர் வந்தாங்க, பாடினதுல ஷூபர்ட்டோட ஆவே மரியாவும் ஒண்ணு. பாட்டுல அரசியல் ஒரு துளி கிடையாது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடைல அவங்க ஏற 1955 வரைக்கும் ஆச்சு, அப்ப அவங்களுக்கு 57 வயசு. இத நினைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல.

வயலின்காரி:
நேர்கேள்வி கேட்ட 1942 விஷயத்த விட்டுட்டு போகக்கூடாது. ஃபிடேலியோவும் நாஜி காலத்துல மேடை ஏறுச்சு. ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மான் 1945-ல இதத்தான் கேட்டாரு, ஹிம்லரோட ஜெர்மனில அந்த ஓபராவ கேட்டுட்டு முகத்த பொத்திகிட்டு ஹால விட்டு ஓடாம உட்கார்ந்திருக்க ஒருத்தர் எவ்வளவு மரத்துப் போயிருக்கணும்னு. அவரோட குற்றச்சாட்டு கேட்டவங்க மேலதான், இசை மேல இல்ல. எனக்கும் அதே எண்ணம். இசை யாரையும் கட்டாயப்படுத்தாது, நல்லவனாக்கவும் ஆக்காது, ஆனா உள்ள இருக்கறது உள்ளதான் இருக்கு.

1989 அக்டோபர் 7, கிழக்கு ஜெர்மனியோட நாற்பதாவது ஆண்டு நாள், டிரெஸ்டன்ல இதே ஓபராவ முள்கம்பியும் சுவருமா மேடை போட்டு நடத்தினாங்க. அந்த நாட்கள்ல அதே ஊர்த் தெருவுல போலீஸ் ஜனங்கள பிடிச்சுட்டிருந்துச்சு. கைதிகள் கோரஸ் முடிஞ்சதும் கைதட்டல் நிக்கல, ஓபராவே நின்னுச்சு. ஒரு மாசத்துல பெர்லின் சுவர் திறந்துச்சு, ஓபராவாலன்னு சொல்ல வரல. 1942-ல பெர்லின்ல உட்கார்ந்திருந்தவங்களுக்கும் இவங்களுக்கும் பீத்தோவன் ஒருத்தர்தான்.

சிம்பொனிரசிகன், உங்க முதல் கேள்விக்கு லியோனோர் மூணாம் ஓவர்ச்சர் (ஓபராவுக்கு முன்னாடி வாசிக்கற முன்னிசை) கேளுங்க, ஃபிடேலியோவுக்காக எழுதினதுதான், வார்த்தை கிடையாது. நடுவுல மேடைக்கு வெளிலருந்து ஒரு ட்ரம்பெட் ரெண்டு தடவை வரும். கதை தெரியாத யாருக்காவது போட்டு காட்டி அந்த இடத்துல என்ன தோணுச்சுன்னு கேட்டு இங்க எழுதுங்க.

நேர்கேள்வி:
நானும் போட்டு பாக்கறேன். ஆனா ஒண்ணு, அந்த ட்ரம்பெட் ராஜா அனுப்பின மந்திரி வர்றாருன்னு சொல்ற சத்தம்தானே? கைதிகள் தாங்களா கதவ உடைக்கல. மேலருந்து குடுத்த விடுதலை அது. இதுக்கு உங்க பதில் வேணும் மேடம்.