ஏற்காட்டு மழையில் கைக்குழந்தையும் மூன்றரை வயசுப் பையனும்: துணி, சாப்பாடு, மலைப்பாதை

மலைக்குப் புதுசு:

சேலத்துல இருந்து ஏற்காட்டுக்குக் குடி மாறியிருக்கோம். வீட்டுக்காரருக்குக் காப்பித் தோட்டத்துல கணக்கு வேலை. பாப்பாவுக்கு 7 மாசம், பையனுக்கு மூன்றரை வயசு. பகல்ல நான் ஒருத்திதான் வீட்டுல.

பாப்பா துணி காயவே மாட்டேங்குது. ரெண்டு நாள் கொடியில கிடந்தாலும் ஈர வாடை அடிக்குது, தொடை இடுக்குல சிவந்து தடிச்சிருக்கு. திட உணவு ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு; சட்டியில வேக வெச்சா பருப்பு மசிய மாட்டேங்குது, ராகியை முளைகட்டினா முளை வர்றதுக்கு முன்னாடி புளிச்ச வாடை வந்துடுது. அடுத்து தடுப்பூசி. அதுக்கும் அம்மா வீட்டுக்கும் சேலம் இறங்கியாகணும். பையன் வழியெல்லாம் வாந்தி, பாப்பா பாதி வழியில அலறுறா. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாகலூர் காப்பிப்பூ:

தங்கச்சி, முதல்ல என்ன துணி கட்டுறீங்கன்னு பாருங்க. நடுவுல பஞ்சு வெச்சுத் தைச்ச நாப்பி மலையில மழைக்காலத்துக்கு ஆகாது. மேல்துணி காஞ்ச மாதிரி தெரியும், உள்ளே ஈரம் அப்படியே நிக்கும். வாடையும் தடிப்பும் அங்கிருந்துதான் வருது. துவைச்சுத் துவைச்சு மெலிஞ்சுபோன பருத்தி வேட்டிதான் இதுக்குச் சரி. நாலு முழ வேட்டி ஒண்ணைக் கிழிச்சா ரெண்டடிச் சதுரத்துல ஆறு துண்டு வரும். கரையை வெட்டி எடுத்துடுங்க, தொடையில உரசும். கட்டும்போது நாலா மடிச்சுக்கலாம், காயப்போடும்போது ஒத்தையா விரிச்சுடலாம்.

இந்த வயசுக்குப் பகல்ல 10, 12 துணி ஆகும். காய ரெண்டு நாள்னு கணக்குப் போட்டா 36 துண்டு, அதாவது ஆறு வேட்டி கையில இருந்தாத்தான் தட்டுப்பாடு வராது. ராத்திரிக்கும் பயணத்துக்கும் டயப்பர் போட்டுக்கங்க, மனசு சங்கடப்பட வேண்டாம். பகல்ல டயப்பர் போட்டா மூணு நாலு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. வெளிக்குப் போனா உடனே மாத்திடணும்.

மலம் பட்டதைப் பச்சைத் தண்ணியில அலசிட்டு அப்புறம் சோப்புக்குப் போங்க. எடுத்ததும் சுடுதண்ணி ஊத்தினா கறை பிடிச்சுக்கும். சோப்புத்தூள் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், அலசுறது மூணு தண்ணி. சோப்பு தங்கினாலும் புண்ணாகும். துணிக்கு வாசனையா ஊத்துறாங்களே, அந்தத் திரவம் வேண்டவே வேண்டாம். அது நூல்மேல படிஞ்சு துணி ஈரத்தை உறிஞ்சாமப் பண்ணிடும். மெஷின் இருந்தா பிழியுறதை மட்டும் ரெண்டு தடவை ஓட்டுங்க. இல்லேன்னா காஞ்ச துண்டுக்குள்ள துணியைச் சுருட்டி முறுக்குங்க, பாதி ஈரம் துண்டுக்குப் போயிடும்.

கொடியை வீட்டுக்குள்ள கட்டுங்க. ரெண்டு கொடிக்கு நடுவுல ஒரு முழம் இடைவெளி, கீழிருந்து டேபிள் ஃபேன், எதிரெதிர் சன்னல் ரெண்டும் நாலு விரல் திறந்திருக்கணும். எல்லாத்தையும் சாத்திட்டு ஃபேன் மட்டும் போட்டா ஈரம் அறைக்குள்ளேயே சுத்தும்; நாலு நாள்ல சுவத்துல பூஞ்சை பூத்துடும். கடைசியா இஸ்திரி. துணியைக் கன்னத்துல வெச்சா சில்லுனு இருக்கக்கூடாது, அதுதான் காஞ்சதுக்கு அடையாளம். சூட்டோட அடுக்கி வைக்காம ஆறவிட்டு மடிங்க.

விறகடுப்புக்கு மேல கொடி கட்டிக்கொடுக்குறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க. துணியெல்லாம் புகை ஏறி, குழந்தை மூக்குக்குப் பக்கத்துலயே இருக்கும். ஊறவைக்கிற வாளிக்கு மூடி போடுங்க, குளியலறைக் கதவு எப்பவும் சாத்தியே இருக்கட்டும். தவழ ஆரம்பிக்கிற பிள்ளைக்கு வாளியில ஒரு சாண் தண்ணி இருந்தாலே ஆபத்து. தலை கனம் அதிகம், கவிழ்ந்தா எழுந்துக்க முடியாது.

ஓமலூர் செவிலி:

துணியைப் பற்றி அக்கா சொன்னதெல்லாம் சரி. தடிப்பை மட்டும் வெளிச்சத்தில் வைத்து ஒருமுறை நன்றாகப் பாருங்கள். தொடை இடுக்கு மடிப்புக்குள் சிவப்பு இல்லாமல், துணி படும் மேடான இடங்களில் மட்டும் இருந்தால் அது ஈரத்தாலும் உரசலாலும் வந்தது. நாளுக்கு மூன்று நான்கு முறை துணி கட்டாமல் அரைமணி நேரம் விடுங்கள், காய்ந்த தோல்மேல் துத்தநாகக் (ஜிங்க் ஆக்சைடு) களிம்பைக் கொஞ்சம் தடிமனாகப் பூசுங்கள், இரண்டு மூன்று நாளில் அடங்கும். மடிப்புக்குள்ளேயே பளபளவென்று சிவந்து, ஓரத்தில் தனித்தனியாகச் சின்னப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இது தேங்காய் எண்ணெய்க்குப் போகாது. டாக்டரிடம் காட்டி க்ளோட்ரைமசோல் களிம்பு வாங்க வேண்டும். மருந்துக்கடையில் சொல்லிக் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டே நாளில் சிவப்பு மறையும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும், தோலும் மெலியும். பவுடர் எதுவுமே வேண்டாம், மூச்சோடு நுரையீரலுக்குப் போகும்.

பருப்பு மசியாததற்கு உங்கள் கைப்பக்குவம் காரணம் இல்லை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கரில் வையுங்கள். அரிசி இரண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு, அரைமணி ஊறவைத்து, ஆறு பங்கு தண்ணீர். சேலத்தில் மூன்று விசில் விட்ட இடத்தில் ஐந்து விசில், பிறகு ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள். முட்டை திறந்த பாத்திரத்தில் வேக 12, 13 நிமிடம் ஆகும், மஞ்சள் கரு கெட்டியாக வேண்டும். குடிநீரை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் 95 டிகிரியிலும் கிருமி செத்துவிடும்.

ராகி புளிப்பது குளிரில் முளை தாமதமாவதால். சேலத்தில் ஒரு நாளில் வருவது மேலே ஒன்றரை நாள், இரண்டு நாள் இழுக்கும், அதற்குள் தேங்கிய தண்ணீர் கெட்டுப்போகும். வெதுவெதுப்பான நீரில் 10 மணி நேரம் ஊறவைத்து, சொட்டு இல்லாமல் வடித்து, துணியில் தளர்வாகக் கட்டி அடுப்பங்கரையில் தொங்கவிடுங்கள். எட்டு மணிக்கு ஒருமுறை மூட்டையை அலசி மறுபடி வடிக்க வேண்டும். கொழகொழப்போ புளிச்ச வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் காயவைப்பது. அரைகுறையாகக் காய்ந்த முளைராகியை அரைத்தால் டப்பாவுக்குள் பூஞ்சை வரும். வெயில் உள்ள நாளில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் காயவைத்து, வறுத்து அரைத்து, ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து வாருங்கள்.

மாவு இரண்டு மேசைக்கரண்டிக்குத் தண்ணீர் 200 மில்லி, முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் ஏழெட்டு நிமிடம் கிண்ட வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதம். பாட்டிலில் ஊற்றும் அளவுக்கு நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர எடை ஏற்றாது. இறக்கியதும் அரைத் தேக்கரண்டி நெய். முளைராகி மாவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கெட்டியான சாதக் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி போட்டு லேசாகச் சூடாக்கினால் தண்ணீர் சேர்க்காமலே இளகும், சத்து குறையாது.

8 மாதம் முடியும்வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி 125 மில்லி கிண்ணம் வரை. 9 மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. தாய்ப்பால் எப்போதும் போல. உங்கள் ஊரிலேயே விளையும் வெண்ணெய்ப்பழத்தை வேகவைக்காமல் மசித்துக் கொடுக்கலாம். ராகியில் சுண்ணாம்புச்சத்து நிறைய, இரும்பை மட்டும் அதை நம்பி விட முடியாது. முட்டை, கீரை, ஈரல் என்று மாற்றிக் கொடுங்கள். பருப்புச் சாதத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். 6 மாதத்திலிருந்து 5 வயது வரை இரும்புச்சத்து டானிக் வாரம் இரண்டு முறை 1 மில்லி, அரசு வழங்குகிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் வார்டு அங்கன்வாடிக்கு இரண்டு பிள்ளைகளின் பெயர்ப் பதிவையும் உடனே மாற்றுங்கள். பாப்பாவுக்குச் சத்துமாவு கிடைக்கும் (வெல்லம் அதிலேயே இருக்கிறது, மேலே இனிப்பு சேர்க்காதீர்கள்). பையனுக்கு மதியச் சாப்பாடும் முட்டையும் அங்கேயே. அவன் அங்கே இருக்கும் நேரம்தான் நீங்கள் துணி துவைக்கவும் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடவும் கிடைக்கிற நேரம்.

20ஆம் வளைவு:

மலைப்பாதைக்கு நான் சொல்றேன்ங்க. 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரத்துக்கு மேல உட்காரணும். ரெண்டு வயசுக்கு மேலதான் இந்த வாந்தி அதிகம், கைக்குழந்தைக்கு அபூர்வம். வண்டி திரும்புறது காதுக்குத் தெரியுது, கண்ணு முன் சீட்டோட முதுகைப் பாக்குது, ரெண்டும் ஒத்துப்போகாம குமட்டுது. அதனால பையன் ரோட்டைப் பாத்தாகணும். பஸ்ல முன்பக்கம் ரெண்டாவது மூணாவது வரிசை, பின் டயருக்கு மேல வேண்டாம். காரா இருந்தா பின்சீட்டு நடுவுல, அவனுக்குத் தக்க சீட்டுல பெல்ட்டோட. கையில போன் குடுத்தா மூணாவது வளைவுலயே வாந்தி எடுப்பான். வளைவு எண் பலகையைப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க, கண்ணு வெளியவே இருக்கும்.

கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி, எண்ணெய் இல்லாம. பால் வேண்டாம். வெறும் வயித்தோடவும் கூட்டிட்டுப் போகாதீங்க, அதுலயும் குமட்டும். கார் ஓட்டுறவர்கிட்ட இறக்கத்துல ரெண்டாவது கியர்ல விடச் சொல்லுங்க. வளைவுக்கு வளைவு பிரேக் அடிச்சா பெரியவங்களுக்கே தாங்காது.

பாப்பா அலறுறது வேற காரணம். இறங்க இறங்கக் காத்தழுத்தம் கூடுது, அவளுக்குக் காது அடைக்குது. முழுங்கினா திறந்துக்கும். கிளம்பும்போதே வயிறு முட்டப் பால் குடுத்துடாதீங்க. பஸ்ல இறக்கம் ஆரம்பிச்சதும் குடுங்க. காருன்னா பாதியில ஓரம் நிக்கிற இடத்துல நிறுத்திக் குடுங்க. சளியோட மூக்கடைச்சிருந்தா வலி அதிகம், ரெண்டு நாள் தள்ளிப் போட முடிஞ்சா போடுங்க. கனமழையில மண் சரிஞ்சா வண்டியைக் குப்பனூர் வழியா திருப்பி விடுவாங்க. நேரம் கூடும், அதனால தண்ணி, மாத்துத் துணி, வாந்திக்குக் கவர் கூடுதலா இருக்கட்டும்.

மலைக்குப் புதுசு:

ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு. பக்கத்து வீட்டுப் பாட்டி ஜவ்வரிசிக் கஞ்சியும், சளிக்கு மலைத்தேனும் குடுக்கச் சொல்றாங்க. ராத்திரி குளிருக்குத் தேங்காய் எண்ணெயில கற்பூரம் காய்ச்சி நெஞ்சுல தடவி, அறையில கரிச்சட்டி வெச்சுக்கச் சொல்றாங்க. செய்யலாமா?

ஓமலூர் செவிலி:

ஜவ்வரிசி நம்ம சேலத்துப் பொருள்தான், ஆனால் அது மரவள்ளி மாவுச்சத்து மட்டுமே. புரதமும் இரும்பும் இல்லை. பையனுக்கு எப்போதாவது பாயசமாகக் கொடுங்கள், பாப்பாவுக்கு ஒரு வேளைச் சாப்பாடாக வேண்டாம்.

தேன் ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூடக் கூடாது. தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம். சிசுவின் குடலில் அது முளைத்து நஞ்சை விட்டு, கை கால் தளர்ந்து மூச்சு வரை பாதிக்கும். காய்ச்சினாலும் சாகாது, சுத்தமான மலைத்தேன் என்றாலும் இதே கதைதான். பையனுக்கு இருமலுக்கு அரைத் தேக்கரண்டி கொடுக்கலாம்.

கற்பூரம் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், பச்சைக் குழந்தைக்கு வலிப்பு வரும். கரிச்சட்டி அதைவிட மோசம். சன்னல் சாத்திய அறையில் கரி கனன்றால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும்; தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். சாம்பிராணியும் வேண்டாம். உங்களுக்கு இருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் பருத்தி உடுப்பு, மேலே ஸ்வெட்டர், காலுறை போதும். கனமான கம்பளியால் முகம்வரை போர்த்தாதீர்கள். பிடரியில் கை வைத்துப் பாருங்கள்: வேர்த்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். கையும் காலும் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். குளிப்பாட்டுவதைப் பனி விலகிய பதினொரு மணிக்கு மேல் வையுங்கள், ஐந்து நிமிடத்தில் முடியட்டும்.

சளிக்கு மூக்கில் உப்புநீர்ச் சொட்டு மருந்து, பால் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் இரண்டு சொட்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கும்போது பாட்டிலைப் படியுங்கள். சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம், குழந்தைகள் சிரப்பில் பெரும்பாலும் 5 மில்லிக்கு 120 அல்லது 125. பையனுடைய சிரப் அளவில் பாப்பாவின் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். இரண்டு பாட்டிலையும் வேறு வேறு தட்டில் வையுங்கள். அளவு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி.

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். பாப்பாவுக்கு 50, பையனுக்கு 40, அதற்கு மேல் போனாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பனிமூட்டத்தில் பைக்கில் இறங்க வேண்டாம், ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு முதலில் போங்கள், வேண்டியிருந்தால் அவர்களே 108இல் கீழே அனுப்புவார்கள்.

தடுப்பூசிக்கு நீங்கள் சேலம் இறங்க வேண்டியதே இல்லை. தாய் சேய் நல அட்டையை எடுத்துப்போய் ஏற்காட்டிலேயே பதிவை மாற்றலாம், புதன்கிழமைகளில் போடுவார்கள். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை, கூடவே வைட்டமின் ஏ ஒரு லட்சம் யூனிட் வாய்வழியாக. அன்று பையனையும் கூட்டிப் போய் அவனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ பாக்கி இருக்கிறதா என்று அட்டையில் பார்க்கச் சொல்லுங்கள்.